கன்னத்தில் ஒட்டிய செதில்

புருஷன் அடித்தான் என்று மாமா மகள் செல்வி, பையும் பெண்பிள்ளையுமாக, நொச்சிக்குப்பத்தில் நான் மீன் விற்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். சங்கரா மீனைச் செதில் போகத் தேய்த்துக்கொண்டே, "புள்ள மூஞ்சியப் பாத்துப் பொறுத்துக்கோடி," என்றேன். அப்போது செதில் ஒன்று தெறித்து அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடக் கை நீட்டினேன்.

மீன் விற்ற அம்மாவும் சின்ன வயதில் என் கன்னத்துச் செதிலை இப்படித்தான் எடுப்பாள். ஐஸ் அள்ளிய விரல் சில்லென்று இருக்கும். அப்பா அடித்து அவள் உதடு வீங்கியிருந்த ஒருநாள், மாமா கூட்டிப்போக வந்தார்.

"கெளம்பும்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"இவ படிச்சி முடிக்கட்டும்ண்ணா. அதுவரைக்கும் தாங்கிக்கினு கீறேன்."

எதற்கும் பயப்படுகிற நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் படிப்பதால்தானே அம்மா அடி வாங்குகிறாள்? படிப்பை விட்டால் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்போடு அடம்பிடித்து நின்றுவிட்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

மாமா மறுபடி வந்தார். அம்மா என் தலையைத் தடவி, "இவளுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும்ண்ணா," என்றாள்.

"இன்னாக்கா, நீட்டுன கை அப்டியே நிக்குது?" என்றாள் செல்வி.

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் நினைத்ததையே அதுவும் நினைக்கிறதோ என்று தோன்றியபோது, செல்வியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"தப்பா சொல்லிட்டேன்டி. பைய என் வூட்ல வை. இங்கயே இருங்க."

செதிலை எடுத்துவிட்டு, பிள்ளையின் காதருகே குனிந்தேன்.

"உன்னால ஒண்ணும் இல்ல கண்ணு. நீ ஸ்கூலுக்குப் போ."