உத்திரமேரூர் வயலிலிருந்து தாம்பரம் பால்கனிக்கு ஒரு ‘ஐயோ!’

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், வியாழக்கிழமை மதியம், தேன்மொழியிடமிருந்து போன். “அக்கா, சனிக்கெழம சித்தி வயல்ல அறுப்பு மிஷின் எறங்குது. ‘ஐயோ’வ அன்னிக்கு பிடுங்கித்தான் ஆவணும். வேணும்னா வந்துடுங்க. விட்டா அத மோட்டார் கொட்டாய் மேல ஏத்தி, காலுக்கு சிமென்ட் போட்டுடுவேன்னு சித்தி சொல்லிக்கினு கீது. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.”

அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து அவரும் எழுந்துவிட்டார். அவருக்கு எப்படி விளக்குவது, இரண்டு வருடமாக நான் காத்திருந்த ‘ஐயோ’ இது என்று!

என் பதிவுகளைப் புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சொற்கள் சேர்ப்பவள். சிலர் ஸ்டாம்ப் சேர்க்கிறார்கள், சிலர் பழைய கடிகாரம் சேர்க்கிறார்கள். எனக்கு நாம் நாள் முழுக்கப் பேசியும் கண்டுகொள்ளாத சின்னச் சின்னச் சொற்கள் மேல் பித்து. அவற்றைப் பட்டாசு டப்பா, சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட் நிறங்களில் பெரிதாக வரைந்தும் அச்சடித்தும் சிலையாகச் செய்தும் சிலர் விற்கிறார்கள். பாப் ஆர்ட் என்பார்கள். என் வீட்டுக் கூடத்தில் ‘பரவாயில்ல’ என்று நான்கு நிறத்தில் நான்கு முறை அச்சடித்த படம் தொங்குகிறது. சமையலறை வாசலில் ‘அப்புறம்?’. வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் குறைப்படுவார்.

தேன்மொழி வாலாஜாபாத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஓவியக் கல்லூரியில் படித்தபோது ஃபைபரில் மூன்று சிலைகள் செய்தாள்: ரோஸ் நிறத்தில் ‘சரி’, நீலத்தில் ‘ம்’, ரத்தச் சிவப்பில் மஞ்சள் விளிம்போடு ‘ஐயோ!’. முதல் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது உத்திரமேரூர் பக்கம் அவள் சித்தியின் நெல் வயலில் நிற்கிறது. நான் எத்தனை முறை கேட்டாலும், “சித்தி விட்டுச்சின்னா எடுத்துக்குங்க, என்னால கேக்க முடியாது” என்று நழுவிவிடுவாள். சோபாவுக்கு எதிர்ச் சுவரில் அந்தச் சிலைக்கு இரண்டு வருடமாக இடம் விட்டு வைத்திருந்தேன். ஒரு காலண்டர்கூட அங்கே மாட்ட விடவில்லை.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயிலைப் பிடித்தேன். வாலாஜாபாத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். செங்கல்பட்டு தாண்டியதும் இடது பக்கம் உட்காருங்கள். பழையசீவரம் வரும்போது பாலாறும் மலைக்கோயிலும் தெரியும். ஆற்றில் தண்ணீர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வாலாஜாபாத்தில் தேன்மொழி சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து உத்திரமேரூருக்கு டவுன் பஸ், முக்கால் மணி நேரம், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக, காலைப் பயணத்தின் மொத்தச் செலவு பதினைந்து ரூபாய். பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லியும் வடகறியும் நாற்பது ரூபாய்க்குச் சாப்பிட்டேன். வடகறி பிரமாதம்.

முருகேசன் என்பவரின் ‘குட்டி யானை’ லோடு வண்டியைத் தேன்மொழி முன்பே பேசி வைத்திருந்தாள். தாம்பரம் வரை சுமார் அறுபது கிலோமீட்டர், 2,800 ரூபாய், ஏற்று இறக்குக் கூலி சேர்த்து. மனிதர் வண்டியின் பின்பலகையைத் துடைத்துக்கொண்டே, “நாஷ்டா ஆச்சாம்மா? இன்னா லோடு?” என்றார்.

“கன்னியம்மா சித்தி வயல்ல கீதே, அது” என்றாள் தேன்மொழி.

துடைப்பதை நிறுத்திவிட்டார். “ஐயோவா? அத்த எப்டிம்மா அது குடுக்கும்?”

நான் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர். ஏரிக்கரை ஓரமாகச் சாலை வளைகிறது. வளைந்ததும் இரண்டு பக்கமும் விளைந்து தலை சாய்ந்த நெல். அந்தப் பொன்னிறத்தின் நடுவே, இரண்டு இரும்புக் குழாய்க் கால்களின் மேல், நாலரை அடி உயரத்தில், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது! ‘ஐ’யின் சுழி மேல் ஒரு கரிச்சான் குருவி. ‘யோ’வின் கொம்பில் வெயில் பட்டு மினுங்குகிறது. பக்கத்தில் ஆச்சரியக்குறி. ஐயோ என்று கத்திவிட்டேன். முருகேசனும் அதே நேரத்தில் கத்தினார். “இந்த எடம் வந்தா எனுக்குத் தன்னால வாயில வந்துரும்மா. டெய்லி போறேன், டெய்லி சொல்றேன்.”

வரப்பில் நின்றிருந்தார் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும். மேலே கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அறுப்பு மிஷின் பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மிஷின் அங்கே முடித்துவிட்டு இங்கே இறங்க ஒரு மணி நேரம் ஆகுமாம். அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

சிலை இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். கல்லூரிக் கண்காட்சி முடிந்து தேன்மொழி அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவள் அம்மா வாசற்படி தாண்ட விடவில்லையாம். வீட்டில் யாராவது வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்னாலே திட்டு விழும், இது மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு அல்லவா இருக்கிறது! ராத்திரி முழுக்கச் சிலை தெருவில், மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறது. மறுநாள் கன்னியம்மா வந்து பார்த்து, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“ரோட்டோர வயலும்மா இது. போறவன் வர்றவன்லாம் வண்டிய நிறுத்திக்கினு, ‘இன்னா வெளச்சல்டா’ன்னு கண்ணு வெப்பான். பூசணிக்கா மாட்டினேன், திருஷ்டி பொம்ம வெச்சேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. அறுக்கப்போற நேரம் பாத்து பயிரு படுத்துக்கும், இல்ல பூச்சி உழும். இது வந்தப்புறம் எவன் வாயத் தொறந்தாலும் ஐயோதான் வருது. வயல எங்க பாக்குறான்? அஞ்சு போகம் எடுத்துட்டேன்.”

இதைக் கேட்டதும் எனக்கு ஆசை குறையும் என்று பார்க்கிறீர்களா? இரண்டு மடங்கு ஆனது. கண்காட்சி அறையில் விளக்குக்குக் கீழே நின்ற சிலையை நான் பார்த்திருக்கிறேன். இது அதே சிலை, ஆனால் ஐந்து போகம் வேலை பார்த்துவிட்டு நிற்கிறது! இதை விட்டுவிட்டு ஊர் திரும்பினால் எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது. மெதுவாக விலை பேச்சை எடுத்தேன். கன்னியம்மா கையை வீசி அதை ஒதுக்கினார்.

“அத்த செஞ்சவ கிட்ட பேசிக்கோ. நீ எட்த்தும் போயி எங்க வெப்ப?”

“ஹால்ல, சோபாவுக்கு எதிர்ல” என்றேன் பெருமையாக. அதுதான் நான் செய்த தப்பு.

“வூட்டுக்குள்ளயா?” மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்தக் குரல். “இன்னாமா, புத்தி கித்தி கீதா உனுக்கு? புருசன் புள்ளங்க இருக்கிற வூட்ல, காத்தால எய்ந்து ஐயோ மூஞ்சில முழிப்பியா? தர மாட்டேன். காசுக்காவ சொல்லல. உன் நல்லதுக்குதான் சொல்றேன். போ, போயி சாப்ட்டு கெளம்பு.”

இப்படி ஒரு மறுப்பை என் சேகரிப்பு வாழ்க்கையில் சந்தித்ததில்லை. அதிக விலை கேட்டிருந்தால் பேசலாம், பாசத்தால் விட மனமில்லை என்றால் கெஞ்சலாம். எனக்காகக் கவலைப்படுகிறவரிடம் என்ன பேசுவது? தேன்மொழியைப் பார்த்தேன். அவள் குருவியைப் பார்த்தாள். முருகேசன்தான் காப்பாற்றினார். வண்டி வாடகை போய்விடுமே என்ற கவலையாகவும் இருக்கலாம். “ஏம்மா, உன் வூட்ல பால்கனி கீதா?” என்றார்.

“இருக்கு, இருக்கு! மூணாவது மாடி. எதிர்லயே பஸ் ஸ்டாப்பு!”

கன்னியம்மா யோசித்தார். “ஜனம் நெறைய நிக்குமா?”

“காலையில நூறு பேராவது நிப்பாங்க.”

“அத்தினி பேரு கண்ணும் உன் வூட்டு மேலதான். அப்ப வெய்யி. ஆனா மூஞ்சி ரோட்டப் பாத்துக்கினு இருக்கணும். வூட்டப் பாத்தா மாதிரி திருப்பி வெச்சன்னு தெரிஞ்சுது, நானே வந்து தூக்கினு வந்துருவேன்.”

“சத்தியமா வெளியதான் பாக்கும்” என்றேன். அப்போதிருந்த பரபரப்பில் மொட்டை மாடியில் தலைகீழாக மாட்டச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அடுத்த சிக்கல், அடுத்த போகமான நவரை நடவு. பத்து நாளில் மறுபடி வயலில் பயிர் நிற்கும், அப்போது இங்கே என்ன நிற்பது? இதே மாதிரி இன்னொன்று செய் என்றார் சித்தி. ஒருமுறை செய்த சிலையைத் திரும்பச் செய்ய மாட்டேன் என்றாள் தேன்மொழி. ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்து மாட்டலாமே என்று நான் மேதாவித்தனமாக ஒன்று சொன்னேன். “ரெண்டு நாள்ல எவனாவது கழட்டினு போயி வைக்கப்போர மூடிக்குவான்” என்று முடித்துவிட்டார் கன்னியம்மா. பிறகு அவரே துண்டை உதறிக் கட்டிக்கொண்டு முடிவு சொன்னார். “‘போ’ன்னு செய்யி. ஒத்த எழுத்து, உனுக்கும் வேலை கம்மி. பாத்துக்கினு நிக்கறவன் போயிக்கினே இருக்கட்டும்.” தேன்மொழியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பச்சையா ஆரஞ்சா என்று அங்கேயே மண்ணில் குச்சியால் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

சேற்றில் இறங்கி, நான்கு பேருமாக ஆட்டி ஆட்டிக் குழாய்க் கால்களைப் பிடுங்கினோம். என் செருப்பு ஒன்று இன்னும் அந்த வயலில்தான் இருக்கிறது. ஆச்சரியக்குறியின் அடிப்புள்ளியைக் காணோம். தேடினால், மோட்டார் கொட்டகை ஓரம் மல்லாந்து கிடந்தது. உள்ளே தண்ணீர், சுற்றி ஐந்து கோழிகள். கேட்டுப் பார்த்தேன். “அது கோழிக்கு” என்றார் கன்னியம்மா. பேச்சுக்கே இடமில்லை.

வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். ஊருக்குள் வந்ததும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்காமல் போனால் சொற்கள் சேர்ப்பவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை ஏது? சுவரெல்லாம் எழுத்து. தேன்மொழி கண்ணைச் சுவரோடு சுவராக வைத்துப் பார்த்தபடி, “பாத்தீங்களாக்கா, ஊரு ஜனம் வந்து படிக்கறாப்ல வெச்சிக்கிறாங்க” என்றாள். நான் வண்டியில் கட்டிய கயிறு தளர்ந்துவிடுமோ என்ற கவலையில் இருந்ததால் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வாலாஜாபாத்தில் தேன்மொழியை இறக்கிவிட்டு, ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம். அன்றைக்கு மாதிரி ஒரு சொகுசுப் பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை. வண்டியின் பின்னால் ‘ஐயோ!’ என்று நிற்கிறது, எவன் நெருங்கி வருவான்? லாரிகள்கூட நாலு வண்டி இடைவெளி விட்டு மரியாதையாக வந்தன. ஒரகடம் சிக்னலில் கம்பெனி பஸ் ஒன்றின் ஜன்னல்கள் அத்தனையிலும் செல்போன் நீண்டது. “இத்த டெய்லி கட்டிக்கினு ஓட்னா இன்சூரன்ஸே தேவ இல்லம்மா” என்றார் முருகேசன்.

இருட்டுவதற்குள் பால்கனிக் கம்பியில் கட்டி நிறுத்தியாகிவிட்டது. முருகேசன் போன பிறகு சோபாவில் வந்து உட்கார்ந்து, பால்கனிக் கதவு வழியாக நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிவது அதன் முதுகு! சொரசொரவென்று சாயம் பூசாத ஃபைபர், துருப்பிடித்த இரண்டு கம்பி, இடம் வலம் மாறிக் கிடக்கும் எழுத்து. இரண்டு வருடம் காத்திருந்து, செருப்பைப் பறிகொடுத்து, பதினெட்டாயிரம் ரூபாய் தேன்மொழிக்குக் கொடுத்து வாங்கிவந்த சிலையின் முதுகு. அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை கம்பியை அவிழ்க்கக் கட்டிங் பிளேயரோடு பால்கனியில் நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், திருப்பி வைத்துவிடத்தான் போனேன். உத்திரமேரூரிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அப்போது கீழே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் கூடையோடு வந்து நின்றார். தலையைத் தூக்கினார். “ஐயோ” என்றார். பக்கத்தில் நின்றவர் நிமிர்ந்து பார்த்து அவரும் சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். யார் என்றே தெரியாத இரண்டு பேர்! பஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் பிளேயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

இனி, இதே மாதிரி கிளம்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு. உத்திரமேரூர் பக்கம் போனால் வயலில் இறங்குவதற்குக் கட்டு வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கப் போகும் பொருளை எங்கே வைப்பீர்கள் என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஏரிக்கரை வளைவில் இப்போது பச்சை நிறத்தில் ‘போ’ நிற்கிறது, ஆனால் யாரும் போக மாட்டேன் என்கிறார்கள், நின்று செல்பி எடுக்கிறார்கள் என்று சித்தி கொதித்துக்கொண்டிருப்பதாகத் தேன்மொழி சொன்னாள்.

‘ஐயோ’வைப் பார்க்க வர வேண்டும் என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் மாடி ஏறாதீர்கள், மேலே வந்தால் முதுகுதான். எதிர் டீக்கடைக்கு வாருங்கள். தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, என் சிலையைப் பார்க்க நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.