பாம்பு மாத்திரைக்கே எச்சரிக்கை உண்டு

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலையில், பேசாத பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. பேசுகிற சொந்தக்காரர்களால்தான் எல்லாத் தலைவலியும். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கும், என்னைப் போல அந்தப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து தொண்டை வறண்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. "எங்க கொழுந்தியா மகனுக்கு ஒரு லேகியம் கொடுத்தோம்..." என்று யாராவது ஆரம்பித்தாலே நமக்குக் காது தானாக அடைத்துக்கொள்ளும். விருதுநகரில் ஒரு புரோட்டா கடையின் மாடியில் என் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே கதிர் என்கிற பையனின் குடும்பத்தோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காதைப் பொத்துகிற வாரிசு

கதிருக்கு ஆறு வயது. வீடு ஆமத்தூரில். அப்பா செல்வகுமாருக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி. பையனுக்கோ ஓலை வெடிச் சத்தம் கேட்டால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தீபாவளிக்கு ஊரெல்லாம் இவர்கள் சரக்கை வெடிக்கும்போது, இவர்கள் மட்டும் பையனைத் தூக்கிக்கொண்டு எங்காவது மலைமேல் போய் ஒளிந்துகொள்வார்கள்.

முதல் நாள் என்னிடம் வந்தபோது கீழே கொத்து புரோட்டா போட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கே பேச்சு வராது. பையன் அழப்போகிறான் என்று நான் பதறினால், அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்குத் தாளம் குதிக்கிறான். நான் ஆட்டிய கிலுகிலுப்பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செல்வகுமார் பெருமூச்சு விட்டார்: "கம்பெனியை நான் யாருக்கு டீச்சர் எழுதி வைக்க? இவன் கீழ உள்ள புரோட்டா கடைக்குல்ல வாரிசா வாறான்!"

மருந்துக்குத் தெரியாதா?

கதிருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க நினைத்த சொல் 'வேணாம்'. பிடிக்காததைக் கத்தாமல் மறுக்கத் தெரிந்துவிட்டால் பாதி அழுகை குறையும். உள்ளங்கையை நீட்டி "வேணாம்" என்று நான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததில், கீழேயிருந்து டீ கொண்டுவருகிறவர் எனக்கு டீ கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கதிரின் தாய்மாமன் தங்கப்பாண்டி மாடி ஏறி வந்தார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருப்பவர். கையில் போன், போனில் ஒரு வீடியோ. பிள்ளையின் உடம்பில் உலோகம் சேர்ந்திருக்கிறதாம், அதனால்தான் பேச்சு வரவில்லையாம். வெளியூரில் ஒரு கிளினிக்கில் கீலேஷன் என்று டிரிப்ஸ் ஏற்றி உலோகத்தையெல்லாம் இழுத்து வெளியே விட்டுவிடுவார்களாம். வேறு ஊராக இருந்தால் நம்பக் கொஞ்சம் யோசிப்பார்கள். இங்கே பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், வெள்ளிக்கு அலுமினியம் என்று உலோகத்தை வைத்தே சோறு தின்கிறவர்கள். உலோகம் என்ற சொல்லுக்கே உடனே தலையாட்டிவிட்டார்கள்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அந்தச் சிகிச்சை, ஈயம் மாதிரி ஏதாவது நிஜமாகவே உடம்பில் ஏறிவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்பது. ஆட்டிசம் அதனால் மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடம்புக்குத் தேவையான கால்சியத்தையும் அது சேர்த்து இழுத்துவிட்டால் இதயம் நின்றுபோகலாம், சிறுநீரகம் கெடலாம், பிள்ளைகள் செத்தே போயிருக்கிறார்கள் என்றேன். தங்கப்பாண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "என்ன டீச்சர் படிச்சீக? எது நம்ம ஆளு, எது வெளியாளுன்னு மருந்துக்குத் தெரியாதா?"

அடுப்பங்கரை ஆராய்ச்சி

செல்வகுமார் மச்சானைப் போல இல்லை, எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். அந்த கிளினிக்காரர்கள் முதலில் தங்கள் பொடியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைப் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். உலோகத்தை இழுக்கிற பொடியைக் கொடுத்தால் யாருக்கும் கொஞ்சம் உலோகம் வரத்தான் செய்யும், சாக்கைத் தட்டினால் தூசி வருகிற மாதிரி. சந்தேகமாக இருந்தால் குழந்தை டாக்டரிடம் போய், எந்தப் பொடியும் இல்லாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு வரும்வரை மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்து தோய்க்காத மத்தாப்புக் கம்பி ஒன்றை எடுத்து, பையனின் சிறுநீரில் நனைத்து, கேஸ் அடுப்பில் காட்டியிருக்கிறார். பச்சையாக எரிந்தால் பேரியமாம், சிவப்பாக எரிந்தால் ஸ்ட்ரான்ஷியமாம். எரிந்ததோ பளீரென்று மஞ்சள். சோடியம்! மனிதர் ஆடிப்போய், ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடையதையும் பிடித்துக் காட்டியிருக்கிறார். அதுவும் மஞ்சள். அந்த நேரம் பார்த்துப் பால் காய்ச்ச வந்திருக்கிறார் மனைவி மாரீஸ்வரி. சாப்பிட்ட உப்பு மஞ்சளாக எரியாமல் வேறு எப்படி எரியும்? மறுநாள் மாரீஸ்வரியே என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே கலர்தான் டீச்சர். அவுககிட்ட, அப்ப மொதல்ல உங்களுக்கு டிரிப்ஸ் ஏத்துவோம், பேச்சு நிக்குதான்னு பாப்போம்னுட்டேன்!"

லேபிள்

ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். சொந்தக்காரர்களிடம் நம் அனுபவம் அவ்வளவுதான். ரத்தத்தில் இல்லாவிட்டால் எலும்பில் ஒளிந்திருக்கும் என்று செல்வகுமாரையும் கரைத்து, தங்கப்பாண்டி கிளினிக்கில் நாள் வாங்கி, வேனும் பேசிவிட்டார். போகிற வழியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நால்வரும் மாடி ஏறி வந்தார்கள். கதிர் நேராக ஜன்னலுக்குப் போய்ப் புரோட்டா சத்தத்துக்குக் காத்து நின்றான். பயத்தில் கத்திவிட்டேன்: "உங்க கம்பெனிக்குப் புது ரசாயனம் வந்தா இப்படித்தான் கண்ணை மூடிட்டுக் கலப்பீங்களா?"

செல்வகுமாருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. அவர் கம்பெனியில் புதிதாக எது வந்தாலும் என்ன, யார் செய்தது என்று துருவிக் கேட்டு, ஒரு சிட்டிகையைப் பொட்டல் காட்டில் கொளுத்திப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். அங்கேயே கிளினிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மருந்தில் என்ன இருக்கிறது, ஏற்றும்போது பக்கத்தில் எந்த டாக்டர் இருப்பார், ஏதாவது ஆகிவிட்டால் என்ன ஏற்பாடு என்று கம்பெனிக் குரலில் கேட்டார். போனில் ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது: "பக்க விளைவே இல்லாத மருந்து சார். அதனால ஏற்பாடு எதுவும் தேவைப்படாது."

செல்வகுமார் போனை வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார். "மச்சான், பாம்பு மாத்திரைக்கு என்ன லேபிள் அடிச்சுத் தாறீக?"

"பெரியவர்கள் துணையோடு கொளுத்தவும், தள்ளி நிற்கவும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்."

செல்வகுமாரின் குரல் உடைந்துவிட்டது: "தரையில நெளியுற பாம்பு மாத்திரைக்கே அம்புட்டு எச்சரிக்கை போடுதோம். எம்பிள்ளை ரத்தத்துல ஏத்துறதுக்கு ஒண்ணுமே வேண்டாங்கிறா அந்தப் பொண்ணு, மச்சான்!"

வேன் ஆமத்தூருக்கே திரும்பியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

ஒரு வாளி களிமண்

தாய்மாமன் ஓய்வாரா? அடுத்த வாரமே ஒரு வாளி நிறையக் களிமண்ணோடு என் மையத்தில் வந்து இறங்கினார். குடிக்க வேண்டாம், ஏற்ற வேண்டாம், பூசிக் குளித்தால் போதுமாம். வெறும் மண்தானே, போகட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒரு கை அள்ளிக்கொண்டு கதிரின் பக்கம் குனிந்தார்.

கதிர் ஓரடி பின்வாங்கினான். உள்ளங்கையை நீட்டினான். கத்தவில்லை, அழவில்லை.

"வேணாம்."

மாரீஸ்வரி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மாதமாக நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த சொல். மணி அடித்தாற்போல வந்தது. நான் கை தட்டப் போனேன். தங்கப்பாண்டி முந்திக்கொண்டார். மண் கையோடு என்னைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்: "பாத்தீகளா டீச்சர், மண்ணு இன்னும் மேல படவேயில்ல, அதுக்குள்ள பேச்சு வந்திருச்சு!"

என் உழைப்புக்கெல்லாம் ஒரு வாளி களிமண் பெயர் வாங்கிக்கொண்டு போனது வயிற்றெரிச்சல்தான் என்றாலும், 'வேணாம்' என்று சொல்லப் பிள்ளை உயிரோடு முழுசாக இருக்கிறானே என்று அந்த வாளிக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கிறேன்.