தப்பாத கை

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மின்னல்' என்றால்தான் தெரியும். எங்கள் மருந்துக்கடையில் சீட்டை நீட்டிய கை மடங்குவதற்குள் மாத்திரை வந்துவிடும். பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். எந்த மருந்து எந்தத் தட்டில் எத்தனையாவது என்பது அவர் கைக்கே தெரியுமாம். "என் கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் குடுப்பேன்" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அதே படிப்புப் படித்தவள்தான். பரீட்சையில் அவரைவிட மார்க்கும் கூட.

காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தால் சாப்பாடு நின்றபடிதான். உட்காரத் தெரியாத அந்த மனுஷனை மாரடைப்பு கல்லாவுக்குப் பக்கத்திலேயே சாய்த்தது. "மூணு மாசம் கடைப்பக்கம் போகக் கூடாது, ஓடவே கூடாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம் என்று பெட்டிகளை எழுத்து வரிசைப்படி மாற்றி அடுக்கினேன். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஆறாவது வாரமே வந்து நின்றார்.

"வீட்ல உக்காந்தே செத்துருவேன் போலிருக்கு."

"சரி, இங்க உக்காருங்க. எதையும் தொடாதீங்க. அடுக்கை மாத்தியிருக்கேன்."

"ம்ம், ம்ம்."

அந்த 'ம்ம்'முக்கு, சொன்னது காதிலேயே விழவில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது? தெரிந்தும் சரக்கு எடுக்க உள்ளே போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. அவர் முகத்தில் பழைய களை. "பள்ளிக்கூட வேன் டிரைவர் வந்தாரு. நெஞ்செரிச்சல் மாத்திரை. அரை நிமிஷம்கூட ஆகல" என்றார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

இரண்டாம் தட்டின் மூலையைக் காட்டினார். இப்போது அந்த மூலையில் இருப்பது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. சர்க்கரையே இல்லாதவர் அதைப் போட்டால் கை நடுங்கும், கண் இருட்டும். டிரைவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று போடுவார். இரண்டு மணிக்குப் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

டிரைவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேனுக்குள் உட்கார்ந்துவிட்டால் அவர் போனைத் தொடவே மாட்டார். நல்ல பழக்கம்தான், அன்றைக்குப் பார்த்து எமனாக வந்தது.

"உன்னை யாரு அடுக்கை மாத்தச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே இவர் செருப்புகூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தார். காலரைப் பிடித்து இழுத்தேன்.

"ஓடினீங்கன்னா நீங்க போய்ச் சேர்ற இடம் பள்ளிக்கூடம் இல்ல!"

"குடுத்தது நான். நான் போகாம?"

"நடந்து வாங்க. நான் ஓடறேன். ஒரு அடி வேகமா வச்சுப் பாருங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். நான் ஓடி எத்தனை வருஷம் ஆகிறது! முன்னால் அந்த மாத்திரை, பின்னால் இவர் நெஞ்சு. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார். திரும்பிப் போய் அவரைப் பிடித்துக்கொள்வதா, ஓடுவதா? பாழாய்ப்போன மனுஷா என்று அழுதுகொண்டே ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. டிரைவர் மடியில் சாப்பாட்டு டப்பா. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு உள்ளங்கையில் மாத்திரை.

"அண்ணே! போடாதீங்க!"

தட்டிவிட்ட வேகத்தில் தண்ணீரும் அவர் சட்டைமேல் கொட்டியது. "இப்பத்தாம்மா பிரிச்சேன்" என்றார் திகைத்துப்போய். மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

பத்து நிமிஷம் கழித்து இவர் வந்து சேர்ந்தார். உதடு வெளுத்திருந்தது. நெஞ்சைப் பிடிக்கவில்லை, அதுவே போதும் என்றிருந்தது எனக்கு. வந்ததும் வராததுமாக, "இவ அடுக்கை மாத்திட்டா, அதான்..." என்று ஆரம்பித்தார்.

"பரவால்ல சார்" என்றார் டிரைவர். "ரெண்டு மாசம் முன்னாடியும் வேற அட்டையைத்தானே குடுத்தீங்க."

வண்டியின் முன்பெட்டியைத் துழாவி ஒரு காகித உறையை எடுத்தார். மேலே இவர் கையெழுத்து. உள்ளே பாதி தீர்ந்த அட்டை. வாங்கிப் படித்தேன். ரத்த அழுத்த மாத்திரை.

"நாலு நாள் போட்டேன். ஒரே தலைசுத்தல். ஒருநாள் வண்டி நடைபாதை மேலேயே ஏறிருச்சு. பிள்ளைங்கல்லாம் அலறிட்டாங்க. வெயில்தான் போலன்னு நினைச்சேன்."

"வந்து கேட்டிருக்கக் கூடாதாண்ணே?"

"சார் கை தப்பாதுன்னு ஊரே சொல்லுதேம்மா. நான் போய் என்னன்னு கேக்கறது?"

அப்போது அடுக்கு மாறவில்லை. இவர் நெஞ்சும் நன்றாகத்தான் இருந்தது.

இவர் வேன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் எத்தனை பேருக்கோ..." என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கடைக்குத் திரும்பி நடக்க அரை மணி நேரம் ஆனது. வாசலில் ஆறேழு பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள். "இன்னைக்குக் கடை இல்லைங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்.

"மருந்துக்கடையிலேருந்து பேசறேன். வீட்ல இருக்கற மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க. மேல என்ன எழுதியிருக்குன்னு எழுத்தெழுத்தாப் படிங்க... அவசரமே இல்ல. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டே வாங்க. நான் காத்திருக்கேன்."