ஆயிரத்துக்குக் கீழே இறங்காதவர்

1,184. பாஞ்சாலியின் கடைசி சிடி4 எண்ணிக்கை இது. எச்.ஐ.வி. அழிக்கும் ரத்த அணுக்களில் எத்தனை மிச்சம் என்று சொல்லும் எண். இருநூறுக்குக் கீழே போனால் ஆபத்து. பாஞ்சாலிக்கு ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

வயது நாற்பத்தாறு. உத்திரமேரூர் பக்கத்துக் கழனிகளில் நடவு நடுகிறவர். 2009-இல் தொற்று தெரிந்தது. அப்போதெல்லாம் எண்ணிக்கை குறைந்தால்தான் மாத்திரை. கணவர் எல்லப்பனுக்கும் தொற்று; அவருக்கு எண்ணிக்கை குறைவு என்று உடனே கொடுத்தார்கள். இவரை எட்டு வருடம் வெறும் கையோடு அனுப்பினார்கள். மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

“ஆயிரம் வர்றா, எடம் வுடுங்க. நம்மள எல்லாம் அனுப்பி வெச்சுட்டுத்தான் இவ போவா.”

இவரும் சிரித்துக்கொண்டே சிகிச்சை அட்டையைக் காட்டுவார்.

நடுவில் காசநோய் வந்து போனது. 2017-இல் எல்லோருக்கும் மாத்திரை என்றானபோது இவருக்கும் கிடைத்தது. பிறகு கால்கள் இறுகத் தொடங்கின. சேற்றில் வைத்த காலைப் பிடுங்க முடியவில்லை. சிறுநீர் அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்றார்கள்.

இந்தப் பங்குனியில் புதிதாக வந்த மருத்துவர் ஜெனிஃபர் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் சென்னைக்குப் போனது. எச்.டி.எல்.வி-1 என்று பதில் வந்தது. எச்.ஐ.வி.யின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். அதே அணுக்களில்தான் இதுவும் குடியேறும், ஆனால் அவற்றைப் பெருக்கும். ஒன்று அழிக்க அழிக்க, இன்னொன்று எண்ணிக்கையை நிரப்பிக் காட்டியிருக்கிறது. பெருகிய அணுக்களால் நோயைத் தடுக்க முடியாது. இதே வைரஸால் தண்டுவடமும் கெட்டிருந்தது; கால்கள் இறுகியது அதனால்தான்.

“அப்போ எனுக்கு நெசமா எவ்ளோ கீது, மேடம்?”

“அந்த நம்பர வெச்சு சொல்ல முடியாதும்மா.”

ஆவணி நடவுக்குள் கால் சரியாகுமா என்று பாஞ்சாலி கேட்டார். இந்த வைரஸை ஒழிக்க மருந்து இல்லை, போன பலம் திரும்புவது கஷ்டம் என்றார் மருத்துவர்.

திரும்பும்போது பேருந்தில் எல்லப்பன் சொன்னார்: “உனுக்கு மாத்திர வேணாம்னு சொன்னப்ப, நாம ஸ்வீட் வாங்கிக்கினு வந்தோம்.”

ஆவணி பிறந்துவிட்டது. நடவுக்கு ஆள் சேர்க்கும் மோகனா, பாஞ்சாலியின் இடத்தில் மாகறலிலிருந்து வேறொரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார். திங்கட்கிழமை நடவு தொடங்குகிறது.