வாளியக்கா

வாளியைக் கீழே வைத்து, துணியை ஒருமுறை முறுக்கிப் பிழிந்து, நான் வாடகைக்கு எடுக்கவிருந்த ஸ்கூட்டரை முன்பக்கத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார் லாட்ஜ்காரம்மா. நான் அவரைக் கூப்பிடவில்லை. ஸ்கூட்டர்க்காரரும் கூப்பிடவில்லை. சேறு கரையக் கரைய, அடியிலிருந்த கீறல்கள் வெளியே வந்தன. மட்கார்டில் நீளமாக ஒரு கோடு, விளக்குக்குக் கீழே ஒரு நசுங்கல், பின்னால் ஒரு விரிசல்.

"போட்டோ எடுத்துக்கோங்க சார். இங்க எடுங்க. இதையும் எடுங்க. குனிஞ்சுதான் எடுங்களேன், முதுகு ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

குனிந்து எடுத்தேன். ஸ்கூட்டர்க்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி தன் பக்கம் நகர்ந்தபோது மட்டும் இரண்டு கால்களையும் தூக்கி வழிவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. பல்வலியோடு பழகிப்போன மனிதரின் முகம் அது. அந்த அம்மா அவருடைய கூடப்பிறந்த அக்கா என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மழைக்காலத்தில் தீவுக்குச் சுற்றுலா போகிறவன் ஒன்று காதலில் தோற்றவனாக இருப்பான், இல்லையென்றால் கஞ்சனாக இருப்பான். நான் இரண்டாவது ரகம். பாதி வாடகை என்றதும் ஆசைப்பட்டுப் படகு ஏறினேன். பூஞ்சை படர்ந்த சுவரும், மூடிய கடைகளும், கவிழ்த்துப் போட்ட படகுகளும் கிடைத்தன. கடலும் வானமும் துவைக்காத ஒரே துணியாகத் தெரிந்தன. இறங்கிய அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றியது உண்மை.

படகுத்துறைக்கு எதிரே இருக்கிறது அவருடைய ஆறு அறை லாட்ஜ். ஐம்பது தாண்டிய உடம்பு, எலும்பும் பிடிவாதமும் மட்டும்தான் மிச்சம். இரண்டு செருப்பும் வேறு வேறு ஜோடி. சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டியிருப்பார். எவ்வளவு கொட்டினாலும் குடை கிடையாது. கேட்டால், "ஒரு கையில வாளி, ஒரு கையில துணி. குடைய வாயிலயா கவ்விக்கறது?" என்பார். தீவில் அவருக்குப் பெயர் வாளியக்கா. கடைக்காரர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயரும் உண்டு. அதை அச்சில் போட முடியாது.

அறைச் சாவியைக் கையில் தரும்முன் எல்லாருக்கும் ஒரு பாடம் நடத்துவார். "துறையில எவன் கையிலயும் பைய குடுக்காதீங்க. முன்னாடி மாட்டிக்கோங்க, முதுகுக்குக் கண்ணு கிடையாது. விலை எழுதாத ஓட்டல்ல தண்ணிகூடக் குடிக்காதீங்க. வலிய வந்து உதவி பண்றவன் கூடப் பத்தடி நடக்காதீங்க. நேர் வழி மூடியிருக்குன்னு எவனாவது சொன்னான்னு வைங்க, அந்த வழியிலயே போங்க." கடைசி வாக்கியத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் தடிக்கும். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஏமாற்றுகிறவன் ஒவ்வொருவனும் "மத்தவன நம்பாதீங்க" என்றுதானே ஆரம்பிக்கிறான்? எனக்கு முன்னால் வந்த புதுமணத் தம்பதி, பாடத்தைக் கேட்டுப் பயந்துபோய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு லாட்ஜுக்குப் போய்விட்டார்களாம். அங்கே முதலாளி எதுவும் சொல்லவில்லை, சிரித்தாராம். "சிரிச்சுக்கிட்டே மொட்டை அடிச்சு அனுப்பினான் சார். அந்தப் பொண்ணு படகு ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையக் குனிஞ்சுக்கிச்சு. எனக்கே பாவமாப் போச்சு."

ஸ்கூட்டர் விவகாரம் இதுதான். மழைக்காலத்தில் வண்டியைக் கழுவாமல்தான் வாடகைக்குக் கொடுப்பார்கள். சேற்றோடு எடுத்துப் போவீர்கள். திரும்பக் கொண்டுவந்ததும் உங்கள் கண்ணெதிரிலேயே பக்தி சிரத்தையாகக் கழுவுவார்கள். சேற்றுக்கு அடியில் கிடந்த பழைய கீறலெல்லாம் அன்றைக்குத்தான் பிறந்ததுபோல வெளியே வரும். உங்கள் அடையாள அட்டை அவர்கள் மேஜைக்குள் இருக்கும். படகு சங்கு ஊதிக்கொண்டிருக்கும். கேட்ட நஷ்டஈட்டைக் கொடுக்காமல் எவன் நின்று வாதாடுவான்?

"சீசன்ல ஆளுக்கு ஒரு கிள்ளுதான் கிள்ளுவானுங்க. மழையில ஆளே வரமாட்டான் பாருங்க, வந்தவன் சதையையே எடுத்துடுவானுங்க" என்றார் வாளியக்கா. அந்தக் கூட்டத்தில் தன் தம்பியும் ஒருவன் என்பதை அவர் மறைக்கவில்லை. மழை தொடங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. லாட்ஜுக்கும் ஸ்கூட்டர் கடைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோகும் வேலை, வேறு ஆள் இல்லாததால் என் தலையில் விழுந்தது. "அவன்கிட்டச் சொல்லுங்க சார், ஓரமா நிக்கிற வண்டிக்கு பிரேக் பிடிக்கல." சொன்னேன். "சரி பண்ணியாச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார் தம்பி. இவ்வளவுக்கும் அக்கா வாசலில்தான் நின்றிருந்தார்.

ஒரு நாள் மதியம், காயாத படுக்கை விரிப்புகளை நடைவழியில் மேஜை போட்டு இஸ்திரி போட்டே காய வைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி வேகும் வாசனை. நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்; அவராகவே ஆரம்பித்தார்.

"உங்க ஊரு பெரியாஸ்பத்திரிக்குத்தான் சார் போனோம். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. படகுல எறங்கினதும் ஒரு ஆட்டோக்காரன் ஓடி வந்து பைய வாங்கினான். நல்லவன்னு நெனைச்சேன். நேர் ரோடு மூடியிருக்கும்மா, பாலம் வேலை நடக்குதுன்னான். ஊரையே சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போனான். வாடகை ஏறணுமே அவனுக்கு. போய்ச் சேர்ந்தப்ப டாக்டர் கேட்டாரு, கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதாம்மான்னு."

இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"அவரைக் கொண்டுட்டுத் திரும்பும்போது பார்த்தேன். அந்த ரோடு தொறந்துதான் கெடந்துச்சு. பாலமும் இல்ல, வேலையும் இல்ல. ஊர் தெரியாதவன ஏமாத்துறது கண்ணு தெரியாதவன் தட்டுல கை வைக்கிற மாதிரி சார். அன்னிக்கு மாமா தலைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தவன் யாரு? இதோ, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கானே, இவன்தான்."

விரிப்பு கருகிவிட்டது. அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். என் ஊர்க்காரன் செய்த வேலை என்பதால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தம்பி அதைக் கழுவவே இல்லை. என்னிடம் போட்டோ இருக்கிறதே. எனக்கு நாக்கில் சனி. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"இருந்தேன் சார், நானும் அந்த வண்டியில. அக்கா ஒண்ணு கத்துக்கிச்சு, நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். புதுசா வர்றவன் எதிர்த்துக் கேள்வி கேக்கமாட்டான்னு." சாவியை ஆணியில் மாட்டினார். "அக்கா வாளியத் தூக்கினா என் வீட்டுல எல்லாருக்கும் வயித்துல ஈரத்துணிதான். சம்சாரம் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயாச்சு."

"வேணாம்னு சொல்லலாமே?"

"என்னை இடுப்புல தூக்கி வளத்த கை சார் அது. எப்படிப் புடிச்சுத் தடுக்கிறது?" மேஜையிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்து, "வண்டியெல்லாம் வித்தாச்சு. நீங்க போற படகுலதான் நானும். அங்க ஒரு கட்டடத்துல வாட்ச்மேன் வேலை. அந்த ஊருக்கு அன்னிக்குப் போனதுதான், அதுக்கப்புறம் கால் வெச்சதில்ல. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

இதைவிடக் கனமான சேதியை நான் யாருக்கும் சுமந்ததில்லை. சொன்னேன். வாளியக்கா தலையணை உறையைத் திருப்பிப்போட்டு மடித்துக்கொண்டே கேட்டார்:

"கழுவி வித்தானா, சேத்தோடயா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "கூடப்பிறந்தவனையே தொரத்திட்டாளேன்னு ஊரே பேசும். பேசட்டும். பொய்யா பேசுது?" என்றார். அப்புறம் என்னிடம், பதில் தெரிந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "இனிமே நான் யாருக்கும் கழுவலன்னா அவன் போகமாட்டானா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "என்னால முடியாது. சேத்தோட ஒரு வண்டி போறதப் பார்த்தா அந்த ரோடுதான் கண்ணுல வருது. அவனுக்காகக்கூட முடியல பாருங்க. நானெல்லாம் என்ன அக்கா?" கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கையில் ஈரத்துணி இருப்பதைப் பார்த்து, இறக்கிக்கொண்டார்.

புறப்படும் நாளில் மழை விட்டபாடில்லை. தங்க வந்தவர்களைத் துறைவரை வந்து வழியனுப்புவது அவர் வழக்கம், எனக்கும் வந்தார். பழக்கதோஷத்தில் காலி வாளியும் கூடவே வந்திருந்தது. ஷட்டரை முழுவதும் இறக்கிப் பூட்டிய தம்பி, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எங்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் நடுவில் நனைந்துகொண்டிருந்தேன்.

படகில் ஏறச் சொல்லிக் குரல் வந்ததும் வாளியக்கா என் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார், துறை முழுக்கக் கேட்கும்படியாக.

"எறங்கினதும் எவன் கையிலயும் பைய குடுக்காத. முன்னாடி மாட்டிக்கோ. முதுகுக்குக் கண்ணு கிடையாது. வாட்ச்மேன் வேலைக்கு எவனாவது முன்பணம் கேட்டா, அந்த வேலையே வேணாம்னு வந்துடு. விலை கேக்காம சாப்பிடாத. ஆனா சாப்பிடாம இருக்காத. நேர் வழி மூடியிருக்குன்னு சொன்னா…"

வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன்; அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் எனக்குச் சொன்னதுபோலவே தலையாட்டிவைத்தேன். தம்பி காதில் விழாதவர்போல நடந்து, எனக்கு முன்னால் படகில் ஏறினார். தீவில் ஒருவர் விடாமல் ஏமாற்றத் தெரிந்த மனிதர், எங்கே உட்காருவது என்று தெரியாமல் பின்பக்கக் கம்பியோரம் கரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

படகு நகர்ந்தது. வாளியக்கா நின்ற இடத்திலேயே நின்றார். மழை வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. துறையின் கடைசித் தூணைத் தாண்டும்போது தம்பி, திரும்பிப் பார்க்காமலேயே, முதுகிலிருந்த பையைக் கழற்றி முன்பக்கமாக, நெஞ்சோடு மாட்டிக்கொண்டார்.