புளியமரத்துக்காக நான் சொன்ன சாட்சி

மூணாவது வரைக்கும்தான் படித்தேன். எனக்கு மேல் படித்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு. பிரசிடெண்டு ஆனது நான்தான். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி, மாட்டு வண்டி வாங்கி, வண்டியை விற்று டிராக்டர் வாங்கி, அப்புறம் தேர்தலில் நின்று ஜெயித்தவன். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ரொம்ப காலமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் அப்போதுதான் நடந்திருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு மேசை, கால் ஆடும் ஒரு நாற்காலி, பூட்டத் தேவையில்லாத ஒரு பீரோ. வீட்டு வரியை யாரும் கேட்டவுடனே கட்டிவிட மாட்டார்கள். சொத்து என்று சொல்ல இருந்தது, ஏரிக்கரையை ஒட்டி வயலுக்குப் போகிற பாதையில் வரிசையாக நின்ற புளியமரங்கள்தான்.

அதைச் சொத்து ஆக்கினதும் நான்தான். எனக்கு முன்னால், ஏரியைப் பார்க்கிற இலாகாக்காரர்கள் வருஷா வருஷம் வந்து ஏலம் விட்டுப் பணத்தோடு போய்விடுவார்கள். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கும். நான் பதவிக்கு வந்தபின் முதல் மாசி மாதம் அவர்கள் ஜீப் வந்தபோது பாதைக்குக் குறுக்கே என் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன்.

"இன்னா பிரசிடெண்டே, வழி விடு" என்றார் டிரைவர்.

"வழி எங்களுது. மரமும் எங்களுது. அளந்து பாத்துட்டு வாங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து சர்வேயரை அழைத்து வந்தேன். சங்கிலி பிடித்து அளந்தார். கரையின் எல்லை மரங்களுக்கு அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மரங்கள் நின்றது எங்கள் பாதைப் புறம்போக்கில். அந்த வருஷம் தண்டோரா போடுகிறவரிடம், "பஞ்சாயத்துப் புளியமரம்னு சொல்லாதே, நம்ம புளியமரம்னு சொல்லு" என்றேன். அக்கம்பக்கத்து ஊர்களிலும் அவர் அப்படியே சொல்லிக்கொண்டு போனார். ஏல நாளில் திருவிழாக் கூட்டம். உலுக்கின மரத்தடியில் பழம் உடைந்து கிளம்புமே ஒரு புளிப்பு வாசனை, அதை இன்றைக்குக் கடைத்தெருவில் மோந்தாலும் எனக்கு அந்தக் காலம்தான் கண்ணில் நிற்கும். அந்தப் பணத்தில்தான் எங்கள் ஊரில் முதல் தெரு விளக்கு எரிந்தது.

மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, புரட்டாசியில் அது நடந்தது. சம்பா நடவு. காலனியிலிருந்து பெண்களைச் சேர்த்து நடவுக்கு அழைத்துப்போகிற ஒரு அம்மா இருந்தது. அந்தக் காலத்தில் நானும் அதுவும் ஒரே கழனியில் கூலிக்குப் போனவர்கள். நான் பிரசிடெண்டு ஆனபிறகு ஊரே என்னை 'நீங்க' என்றது. அந்தம்மா மட்டும் 'நீ'தான். நாற்று முடியை அவிழ்த்து அது நட ஆரம்பித்தால் கூட நடுகிறவர்கள் பின்தங்கிப்போவார்கள். அப்படி ஒரு கை.

மழைக்காற்று வந்ததும் பெண்கள் எல்லாம் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். அங்கே ஒரு மரத்தில் பெரிய கிளை ஒன்று காய்ந்து கிடந்தது. ஊரே பார்த்ததுதான். காற்றில் அது ஒடிந்து அந்தம்மாவின் வலது தோளில் விழுந்தது. சேதி கேட்டு நானே டிராக்டர் ஓட்டிக்கொண்டு போய், காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உயிர் பிழைத்தது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. விரல் மடங்கவில்லை. நாற்றைப் பிடித்து ஊன்ற முடியாது.

கட்டுப் பிரித்த கையோடு ஒருநாள் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தது.

"நைனா, அந்த மரம் யாருது?"

நான் வாய் திறப்பதற்குள் கிளார்க், "அது ஏரிக்கரை மரம்மா. இலாகாவுல போய்க் கேளு" என்றார்.

"அங்க கேட்டேன். பஞ்சாயத்து மரம்னாங்கோ. தாலுகா ஆபீசுல கேட்டேன், ரெண்டு பேரையும் கைகாட்டினாங்கோ. காய்க்கும்போது இத்தினி அப்பன் இருந்தானுங்கோ, ஒடிஞ்சதும் அநாதையாப் பூடுச்சா மரம்?"

உட்கார்ந்திருந்த மெம்பர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. "நட்டாத்தான் எனக்குக் கஞ்சி. இந்தக் கையை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றது. பார்த்துச் செய்கிறேன் என்று அனுப்பினேன். கிளார்க் என் காதில், "நம்ம மரம்னு ஒத்துக்கினா பஞ்சாயத்தே முழுகிடும் தலைவரே" என்றார்.

கொஞ்ச நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்புறம் காஞ்சிபுரம் கோர்ட்டில் கேஸ். மூன்று ஆபீசும் 'எங்கள் மரம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தன. எங்களுடையதை எழுதினது கிளார்க்கும் எங்கள் வக்கீலும். என் கையெழுத்தும் அதில் இருந்தது. கிளை காய்ந்திருந்ததை யாரும் மறுக்கவில்லை. மரம் யாருடையதோ அவர்கள் தலையில் நஷ்ட ஈடு விழும். யாருடையதும் இல்லை என்றால் அந்தம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. கேஸ் முழுக்க அவ்வளவுதான்.

சாட்சி சொல்லும் நாளில் எங்கள் வக்கீல் கோர்ட் வராண்டாவில் என்னை ஓரமாக அழைத்துப்போனார். பெரிய வக்கீல், தலையெல்லாம் நரை. "மரம் ஏரி இலாகாவுதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். உங்களுக்கு அதுதான் கஷ்டம்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

கூண்டில் ஏறினேன். அந்தம்மாவின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கவுன் வெளுத்திருந்தது. மரத்தைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால் என்னைப் பற்றிக் கேட்டார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"மூணாவது."

"சர்வே வரைபடமெல்லாம் பார்க்கத் தெரியுமா?"

"வரைபடம் தெரியாது. சங்கிலி எங்க முடியுதுன்னு தெரியும்."

"சரி. மரம் இலாகாவோடது. பாவம், ஏழைப் பஞ்சாயத்து, காயைப் பறிச்சிக்கட்டும்னு அவங்க இரக்கப்பட்டு விட்டாங்க. அதை நீங்க ஏலம் விட்டீங்க. அப்படித்தானே?"

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

"யார் யாருக்கு இரக்கப்பட்டது?" என்றேன். "ஜீப்புக்குக் குறுக்கே டிராக்டரைப் போட்டவன் நான். சர்வேயரைக் கூட்டியாந்தவன் நான். ஒவ்வொரு மரத்தடியிலயும் சங்கிலி வெச்சு அளந்தது. ஊர் ஊரா நம்ம மரம்னு தண்டோரா போட்டிருக்கு, போய்க் கேளுங்க. ஏழைப் பஞ்சாயத்தா? அந்தப் புளியில விளக்குப் போட்ட பஞ்சாயத்து அது."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதணும்" என்றார் ஜட்ஜ்.

மெதுவாக, முதலிலிருந்து சொன்னேன். எங்கள் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். பின் பெஞ்சில் அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சின்ன வக்கீல் என் வாயைப் பிடுங்கிவிட்டார் என்று ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள். பிடுங்கினார்தான். எனக்குத் தெரியாமல் பிடுங்கவில்லை. மூட்டை தூக்கின காலத்திலேயே எடைக்கல்லைப் பார்த்தவுடன் ஆளைக் கணிப்பவன் நான். இலாகா மரம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாசியில் எந்த வாயால் தண்டோரா போடச் சொல்வேன்? காய்க்கு என் மரம், ஒடிந்தால் உன் மரம் என்று பேசுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

திரும்பும்போது உத்திரமேரூர் பஸ்ஸில் அந்தம்மாவும் ஏறியது. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே பேசியது.

"உன்னைப் பேசாம இருக்கச் சொன்னாராமே உங்க வக்கீலு."

"சொன்னாரு."

"காசு குடுத்து வெச்ச வக்கீலு. உன்னைப் பத்தி எங்கிட்டக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்."

தீர்ப்பு பஞ்சாயத்துக்கு எதிராக வந்தது. மரம் வைத்திருப்பவர்கள்தான் காய்ந்த கிளையையும் வெட்டியிருக்க வேண்டும் என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். கூட்டத்தில் மெம்பர்கள் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். பள்ளிக்கூடத் தெருக் கால்வாய் வேலை பணமில்லாமல் அந்த வருஷம் நின்றுபோனது நிஜம்தான். ஒரு மெம்பர், "மரம் இருந்தாத்தானே கேஸு, அத்தினியும் வெட்டி வித்துடலாம்" என்றார். "அப்போ ரோடு இருந்தாக்கூடத்தான் விழுவான், அத்தையும் பேத்துடலாமா?" என்று கேட்டேன்.

பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டால் போதும் என்றார் கிளார்க். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் மரத்துக்கு ஊர்தான் கொடுக்கிறது, ஊர் பார்க்கட்டும் என்று இரண்டு பக்க வக்கீலையும் கேட்டு, கிராம சபைக் கூட்டத்திலேயே செக்கைக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அந்தம்மா எழுந்து வந்து இடது கையை நீட்டியது.

"பிரசிடெண்டு கையால குடுக்கிறாரு, பீச்சாங்கையில வாங்குறா பாரு" என்றார் ஒரு மெம்பர்.

அந்தம்மா அவர் பக்கம் திரும்பியது. "சோத்தாங்கையத்தான் உங்க மரம் வாங்கிக்கிச்சே. அதுக்குத்தானே இது?"

செக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"காசு குடுத்தா முடிஞ்சிதா? தெக்கால கடைசி மரத்துல இன்னொரு கெளை காஞ்சி கீது. அதுக்கடியிலதான் என் ஜனம் உக்காந்து சோறு துன்னுது. எப்ப வெட்டப் போற?"

மறுநாளே ஆளை ஏற்றினேன். மேலே நின்றவன் எது எது என்று கேட்கக் கேட்க, அந்தம்மா கீழே நின்று இடது கையால் காட்டிக்கொண்டே வந்தது. வரிசை முடிகிறவரைக்கும் நானும் கூடவே நடந்தேன்.