பேரீச்சம்பழத்துக்குப் போன கப்பி

எங்கள் அகதி முகாமில் இருந்தவர்கள் இலங்கையில் படகேறும்போது நகையையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் அப்பா வீட்டுக் கிணற்றில் கயிறு ஓடிய இரும்புக் கப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பாரத்தைக் குறைக்கச் சொல்லிப் படகுக்காரர் சத்தம் போட்டபோது அப்பா கப்பியை விடாமல் தன் துணிப்பையைக் கடலில் போட்டாராம். இந்தக் கதையை அம்மா எப்போதும், "கிணத்தையும் கொண்டு வந்திருப்பார், கழண்டு வரேல்லை" என்றுதான் முடிப்பார்.

ஆலங்குடிப் பக்கத்து முகாமில் எங்களுக்குக் கிணறு கிடையாது, தெருக்குழாய்தான். கப்பி கூரைக் கம்பில் தொங்கியது. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் போடுவார். என் தலைக்கு எண்ணெய் இல்லாத வெள்ளிக்கிழமைகளும் அவற்றில் உண்டு.

எனக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவர் சைக்கிளில் வந்தார். அம்மா குழாயடியில் இருந்தார், அப்பா கடைக்குப் போயிருந்தார். நான் முக்காலியில் ஏறிக் கப்பியை இறக்கிக் கொடுத்தேன். பாவாடை நிறையப் பழம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வியாபாரத்தை யாரும் செய்ததில்லை என்று பெருமையாக இருந்தது.

அப்பா திரும்பி வந்ததும் கூரையைத்தான் பார்த்தார். "ஆரிட்டப் பிள்ளை குடுத்தனி?" அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரவல் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். மீதிப் பழத்தை மடியில் வைத்து வழி முழுக்கத் தின்றுகொண்டே போனேன்.

இரும்புக்காரர் டீக்கடையில் அகப்பட்டார். "அந்த ராட்டினமா? கடலைக் கொல்லைக்கார அம்மா அப்பவே வாங்கிட்டாங்களே சார். அவங்களது ஒடஞ்சு கெடந்துச்சாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பி கிணற்றின் மேல் ஏறி நனைந்திருந்தது. அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் பழம் அப்பிய என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"பச்சப்புள்ள, தெரியாமக் குடுத்துருச்சு. ஒங்களுதுன்னா கழட்டிக்கிட்டுப் போங்க தம்பி. நான் வேற வாங்கிக்கிறேன். மொதல்ல இங்கிட்டு வந்து தண்ணி குடிங்க" என்று வாளியை எடுத்தார்.

"விடுங்கோ அக்கா, நான் அள்ளுறன்."

எண்ணெய் குடித்திருந்த கப்பி சத்தமில்லாமல் ஓடியது. முதல் வாளியை அப்பா குடிக்கவில்லை. சட்டையோடு தன் தலையில் கவிழ்த்தார். அடுத்தது என் தலையில். நான் அலறினேன். அவர் சிரித்துச் சிரித்து மறுபடி அள்ளினார், மறுபடி ஊற்றினார். நான் கொல்லையைச் சுற்றி ஓட, வாளியோடு துரத்தினார். என் அப்பாவுக்கு ஓடத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"கடலைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க தம்பி!" என்று அந்த அம்மாளும் சிரித்தார்.

ஈரம் சொட்டச் சொட்ட அப்பா கப்பியை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பேனர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"இருக்கட்டும் அக்கா. வீட்டில சும்மாதானே தொங்கினது."

அந்த அம்மாள் ஒரு பை பச்சைக் கடலையும், வேலியில் ஒடித்த ஒரு முருங்கைக் கொம்பும் கொடுத்தார். அன்று மாலையே அப்பா அந்தக் கொம்பை எங்கள் வாசலில் ஊன்றினார். பக்கத்து வீடுகளில் வாழையும் பப்பாளியும் நின்றன. எங்கள் வாசல் மட்டும் ஆறு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. யாராவது கேட்டால், "திரும்பிப் போற ஆக்களுக்கு மரம் என்னத்துக்கு?" என்பார் அப்பா. அன்று அவர் மண்ணை மிதித்து இறுக்கியதை அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். நான்தான் இடையில் புகுந்து, எப்போது காய்க்கும் என்று கேட்டேன்.